அப்போஸ்டில் அப்பா

நீட் முடிவு வந்த மறுநாள் காலையில் இவர் அவதாரம் எடுக்கிறார். அதுவரை ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டு, உண்டு உறங்கி, நிம்மதியாக இருந்தவர்தான். மகளுக்கு 720க்கு முந்நூற்றுச் சொச்சம். தேர்ச்சிதான், ஆனால் அரசுக் கல்லூரிக்கு எட்டாது. தனியார் கல்லூரிக்குக் கடையை விற்றாலும் கட்டாது. மிச்சம் வெளிநாட்டு மருத்துவப் படிப்புதான்.

பள்ளியில் பூகோளத்துக்கு முட்டை வாங்கியவர் ஒரே வாரத்தில் பிஷ்கெக், சமர்கந்து, கசான் என்று பவானி, பெருந்துறை மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார். நாடு தேர்ந்தெடுப்பது இவருக்குப் பெண் கொடுக்கிற மாதிரி. முதலில் அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைனிலிருந்து பிள்ளைகள் பதுங்கு அறையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அனுப்பியதைப் பார்த்தவர் அல்லவா?

தாஷ்கண்ட் முதல் சுற்றிலேயே அவுட். “சாஸ்திரி தவறிப்போன ஊருங்க, நமக்கு ராசியில்ல.” ஜார்ஜியா 2008இல் ரஷ்யாவோடு போர் புரிந்ததும் தெரியவந்தது. மூன்று நாள் தூக்கமில்லை. அப்புறம், “அஞ்சு நாள் சண்டைதானுங்களே, பங்காளிக்குள்ள வராததா?” என்று அவரே மன்னித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹாலில் ஏஜென்ட் நடத்தும் செமினாரில் முதல் வரிசை இவருடையது. டை கட்டிய இளைஞர், “இந்தியன் மெஸ் இருக்கு சார், சாம்பார் கிடைக்கும்” என்று தொடங்குவதற்குள் இவர் எழுந்துவிடுவார். 2021ஆம் ஆண்டு விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்குமா? பாடம் ஆங்கிலத்திலா? பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப் அதே கல்லூரியிலா? அந்த நாட்டுக்காரன் மாதிரியே அங்கே வைத்தியம் பார்க்க லைசென்ஸ் தருவானா? இளைஞர் மறுபடியும் சாம்பாருக்கே திரும்புவார்.

திரும்பி வந்த பிறகு எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி. தேர்வு பற்றியும் தெரியும். 300 கேள்விக்கு 150 சரியாக இருக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் கோட்டை விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். இதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. அம்மணி சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

மதிப்பெண் பட்டியலுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வெளியுறவுத் துறை ஒட்டித்தரும் அப்போஸ்டில் முத்திரை வந்த அன்று, வீடே அதிர, “அப்போஸ்டில் வந்திருச்சு!” என்றார். திண்ணையில் இருந்த மாமியார் பதறிப்போனார். “ஏனுங் மாப்பிள்ளை, புள்ளைய டாக்டருக்குன்னு சொல்லிப்போட்டு எந்தச் சபையில சேர்க்கறீங்க?”

பெட்டியைக் கடைத் தராசில் நான்கு முறை நிறுத்தார். குக்கரை எடுத்தார், பருப்புப் பொடியை வைத்தார். உடற்கூறியல் புத்தகத்தை எடுத்துவிட்டுக் குக்கரைத் திரும்ப வைத்தார்.

இப்போது மகள் திபிலீசியில். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று ஊருக்கெல்லாம் விளக்குகிறவர், தினமும் காலை ஐந்து மணிக்கு, “சாப்பிட்டியா கண்ணு?” என்று அழைத்துவிடுகிறார். மூன்றரை மணி இருட்டில் அந்தப் பெண் “ம்” என்கிறாள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்தான். இவர் ஃபைலோடு தெருவைக் கடந்தார். பையன் பி.காம். சேரப் போவதாகச் சொன்னான்.

“இருக்கட்டும் தம்பி” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “மொதல்ல இந்த 54 மாசக் கணக்கைப் புரிஞ்சுக்க.”