டிவிக்கு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? மாப்பிள்ளைகளுக்கான கையேடு

கல்யாண வீடியோ வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாமனார் வீட்டுக் கூடத்தில் பெரிய மாமனார் முதல் எதிர்வீட்டு அத்தை வரை உட்கார்ந்தாயிற்று. டிவியோ ‘சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை’ என்கிறது. எல்லார் கண்ணும் உங்கள் மேல். நீங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அங்கே உங்கள் வேலை சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பது மட்டுமே என்ற வாதம் இந்தக் கூடத்தில் எடுபடாது.

முதலில் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். நீங்கள் செய்யாவிட்டால், “ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாருங்க மாப்ளே” என்று யாராவது சொல்லி, அது பலித்தும் தொலைக்கும். அந்தப் புகழ் பிறகு ஆயுசுக்கும் அவருக்குத்தான். முனையை வாயால் ஊதவும் செய்யலாம். பயன் கிடையாது, ஆனால் கேசட் காலத்துப் பெரியவர்களுக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும்.

அடுத்து, டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். முகத்தில் கவலை தெரியட்டும். சீராகச் சுழலாமல் டிக் டிக் என்று மட்டும் கேட்டால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். யுஎஸ்பி 2.0 தரப்படி ஒரு போர்ட் 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 என்றால் 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். ஆகவே டிவியின் முதுகில் ‘எச்டிடி’ என்றோ ‘1 ஆம்பியர்’ என்றோ அச்சிட்ட போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். சுவரில் மாட்டிய டிவி என்றால் செல்போன் டார்ச்சோடு கன்னத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டுதான் படிக்க முடியும். அதற்குள் பாயசம் பரிமாறிவிடுவார்கள், கூட்டம் சற்று அடங்கும். ‘சர்வீஸ்’ என்று எழுதிய போர்ட் மெக்கானிக்குக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். லேப்டாப்பிலும் அதே டிக் டிக் கேட்டால், வேடிக்கை போதும், உடனே கழற்றிவிடுங்கள். டிஸ்க்கே சாகக் கிடக்கிறது.

விளக்கு எரிகிறது, சுழல்கிறது, லேப்டாப்பில் திறக்கிறது, டிவியில் மட்டும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஃபார்மட்டில். டிவிக்குள் ஓடுவது பல சமயம் லினக்ஸ். தயாரிப்பாளர் எந்த ஃபார்மட்டுகளைச் சேர்த்து அனுப்பினாரோ அவை மட்டுமே அதற்குப் படிக்க வரும். 1996 வாக்கில் விண்டோஸ் 95-இல் வந்த ஃபேட்32 அநேகமாக எல்லா டிவிக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உங்கள் கல்யாணத்தில் ஊஞ்சலே அதைத் தாண்டியிருக்கும். 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, மேக்கிலும் விண்டோஸிலும் திறக்கும். அதனால் ஸ்டுடியோக்காரர்களுக்கு அதன் மேல் பிரியம். டிவி கம்பெனிகளுக்கோ அது உரிமக் கட்டணம் கேட்ட சரக்கு; விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அதை விட்டுவிட்டார்கள். 2019-இல்தான் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்டது, லினக்ஸின் மையத்திலும் அது சேர்ந்தது. மாமனாரின் டிவி அதற்கு மூத்தது.

இதைக் கூடத்தில் விளக்காதீர்கள். “வைரஸ், மாமா” என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை இதுவரை எந்த மாமனாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

இந்தக் குழப்பத்தில் சில டிவிகள் தாமாகவே ஒரு வழி சொல்லும்: ‘இந்தச் சாதனத்தை ஃபார்மட் செய்யவா?’ கேள்வி என்னவோ பணிவாகத்தான் இருக்கும். உடனே ரிமோட் யார் கையில் என்று பாருங்கள். பெரிய மாமனார் கையில் இருந்தால் பணிவெல்லாம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள். அவர் ஓகே அழுத்தினால், நீங்கள் தாலி கட்டியதற்கு இனி ஆல்பம்தான் சாட்சி. ஸ்டுடியோவில் பிரதி இருக்கும் என்று நம்ப வேண்டாம்; அடுத்த முகூர்த்தத்துக்கு அங்கேயும் இடம் வேண்டுமே.

முறையான வைத்தியம், எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து, டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து, திரும்பப் போடுவது. பழைய டிவிகள் பல அதைப் படிக்கும். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி அளவில்தான் நகரும். 300 ஜிபிக்கு ஏறத்தாழ 3 மணி நேரம், திரும்பி வர இன்னொரு 3. மத்தியான விருந்துக்கு வந்தவர் ராத்திரி டிபனுக்கும் இருந்தாக வேண்டும். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் லேப்டாப்பையே எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துவிடலாம். ஃபார்மட் பிரச்சினையே எழாது. ஆபீஸ் லேப்டாப்பாக இருக்கக் கூடாது, பல கம்பெனிகள் அதில் வெளி டிஸ்க்கைத் திறக்கவே விடுவதில்லை. மச்சினியின் கல்லூரி லேப்டாப் போதும். கேபிளுக்கு எங்கும் அலைய வேண்டாம், செட்டாப் பாக்ஸில் ஒன்று இருக்கிறது. ஒன்பது மணி சீரியலுக்குள் அதைத் திருப்பி மாட்டிவிடுங்கள்.