பாப்பாவுக்கு வயது எத்தனை?

கழித்தல் கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களே ஆசையாகப் போடும் கழித்தல் ஒன்றும் உண்டு. செயலியைத் திறந்ததும் 'பிறந்த ஆண்டு?' என்று கேட்கும். வயது பதின்மூன்றுக்குக் குறையாமல் விடை வர வேண்டும். கணக்குப் போடச் சோம்பல்படுகிறவர்கள் பட்டியலை ஒரே இழுப்பாக இழுத்து 1900-இல் போய் நிற்பார்கள். நூற்றிருபதைத் தாண்டிய தாத்தா பொம்மைக்கு உடை மாற்றி விளையாட வருவதில் செயலிக்கு ஆட்சேபணை கிடையாது.

அந்தப் பதின்மூன்று, அமெரிக்கா போட்ட கணக்கு. 1998-இல் நிறைவேறி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'காப்பா' சட்டம், 13 வயது நிரம்பாத பிள்ளைகளின் சொந்த விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணைய நிறுவனங்கள் வாங்கக்கூடாது என்றது.

அதற்கு முன்பு வாங்கியவர்கள் கொஞ்சநஞ்சம் வாங்கவில்லை. லிபர்ட்டி ஃபைனான்ஷியல் என்ற நிதி நிறுவனத்தின் 'யங் இன்வெஸ்டர்' தளம், கைச்செலவுக்கு எவ்வளவு கிடைக்கிறது, பங்குகளைப் பரிசாகக் கொடுத்தது யார், குடும்பத்தின் பண நிலவரம் என்ன என்றெல்லாம் பொடிசுகளிடம் விசாரித்தது. கல்யாணத் தரகர்கூட இரண்டாம் முறை வரும்போதுதான் இவ்வளவு கேட்பார். பெயர் வெளியே வராது, பரிசு உண்டு என்று வாக்கு வேறு. பதில்கள் எல்லாம் இன்னார் சொன்னது என்று தெரியும்படியே பத்திரமாக இருந்தன, பரிசுதான் போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1999-இல் குற்றம்சாட்டியது.

அடுத்த ஆண்டு டாய்ஸ்மார்ட் என்ற இணையப் பொம்மைக் கடை நொடித்தது. டிஸ்னி பெரும்பங்கு வைத்திருந்த கடை. வாடிக்கையாளர் விவரங்களை மூன்றாமவருக்கு ஒருபோதும் தரமாட்டோம் என்று சத்தியம் செய்து, 'டிரஸ்ட்-இ' என்ற அமைப்பின் நம்பக முத்திரையையும் ஒட்டியிருந்தது. கடை மூடியதும் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' விளம்பரத்தில் விற்பனைக்கு வந்த சொத்துகளில் அந்த வாடிக்கையாளர் பட்டியலும் ஒன்று. பிள்ளைகளின் பெயரும் பிறந்தநாளும் அதில் அடக்கம். ஊரே கூச்சல் போட்ட பிறகு, டிஸ்னியின் துணை நிறுவனம் ஒன்று 50,000 டாலர் கொடுத்துப் பட்டியலை அழிக்கவைத்தது.

முத்திரை கொடுத்தவர்களின் கதை இன்னும் சுவாரசியம். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய மறுபரிசோதனையை ஆயிரம் முறைக்கு மேல் செய்யவே இல்லை என்று 2014-இல் கமிஷன் அவர்களையே பிடித்தது.

பொம்மைக் கடைதான் இப்படி, பொம்மையாவது நம்பகமானதா? 'மை ஃப்ரெண்ட் கைலா' என்று ஒரு பேசும் பொம்மை. குழந்தை கேட்கும் கேள்வி இணையம் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்குப் போய், பதில் கைலாவின் வாய்க்கு வரும். கடவுச்சொல் எதுவும் இல்லாததால், பக்கத்தில் நிற்கும் அந்நியர்கூடத் தன் போனின் புளூடூத்தில் அவளைப் பிடிக்கலாம். நார்வே நுகர்வோர் கவுன்சில் 2016-இல் சோதித்தபோது, டிஸ்னி படங்கள் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கைலா வாய் ஓயாமல் சொல்லும்படி முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது தெரிந்தது. 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஆணையம் அவளை ஒளித்துவைத்த உளவுக் கருவி என்று சொல்லித் தடை செய்தது. வீட்டில் இருந்தால் அழித்துவிடுங்கள் என்று பெற்றோருக்கு யோசனையும் சொன்னது. மகளின் உயிர்த்தோழியை மகள் தூங்கிய பிறகு தீர்த்துக்கட்டும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது.

யூடியூபின் சங்கதி வேறு. 13 வயதுக்குக் கீழே எங்களிடம் யாருமே இல்லை, காப்பா எங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் அது சொல்லியிருந்தது. பார்பி பொம்மை செய்யும் மேட்டல் வந்தபோதோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளை எட்டுவதில் டிவி சேனல்களையெல்லாம் முந்தியவர்கள் நாங்களே என்று மார்தட்டியது. இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது கமிஷன். 2019-இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டின.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார். 18 நிரம்பாதவரெல்லாம் குழந்தை. பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஆக, பிள்ளையின் விவரத்தைக் காப்பாற்ற, அப்பா யார் என்ற விவரத்தையும் நிறுவனம் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சம்மதம் ஓடிபியாக வந்தால், அப்பாவின் போனில் அதைப் பார்த்துச் சொல்வது பல வீடுகளில் யாருடைய வேலை என்பதைச் சட்டம் விசாரிக்கவில்லை.