பிடிக்காத தறியை விட்டு இறங்குவது எப்படி?

ஓமலூர் தாலுகா காமலாபுரத்தில் 2023 அக்டோபரிலிருந்து மறுபடி விமானம் இறங்குகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இனி எங்கள் பக்கம் வந்துபோவதில் சிரமமே இல்லை. வாருங்கள் அய்யா! பிடிக்காத வேலையை இன்றே விடு, மனசு சொல்வதைக் கேள் என்று மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து முழங்குங்கள். கை வலிக்கத் தட்டுகிறோம். தட்டி முடித்ததும் தாரமங்கலம் பக்கம் ஒரு தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறோம்.

உங்கள் காலர் மைக் அங்கே எடுபடாது. தறி ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். மூக்கிலும் புருவத்திலும் பஞ்சு. அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் ஆளிடம் கத்துங்கள்: "தம்பி, உனக்கு மனநிறைவு தரும் வேலை எது?" அவன் சிரிப்பான். ஏனென்றால், அந்தப் பரீட்சையை அவன் ஏற்கெனவே எழுதிவிட்டான். சனிக்கிழமை கூலி வாங்கும்போது கேட்டான்.

"மொதலாளி, வேற வேலைக்குப் போலாம்னு இருக்கேனுங்க."

"போ கண்ணு, யாரு வேண்டாங்கறா? முன்பணத்தை வெச்சுட்டுப் போ."

முடிந்தது கேரியர் கவுன்சிலிங். அக்கா கல்யாணத்துக்கும் அப்பன் ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய பணம் வாராவாரம் பிடித்தும் கரையவில்லை. வேலை மாறுவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்த முதலாளியிடம் அதைவிடப் பெரிய முன்பணம் வாங்கி இந்தக் கடனை அடைப்பது. கழுத்து அதேதான், கயிறு பிடிக்கிற கைதான் வேறு.

இன்னொரு வழியும் உண்டு. சங்ககிரி தாண்டிப் போனால் பள்ளிபாளையம். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்துச் சிறுநீரகத்தை விற்கவைத்த கதை 2025 ஜூலையில் ஊரறிய வெளியே வந்தது. விசாரணை நடந்தது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. ராஜினாமாக் கடிதத்தை வயிற்றில் தையல் போட்டு எழுதிய இந்த ஜனங்களுக்குத்தான் மனசு சொல்வதைக் கேட்கத் தெரியவில்லையாம்!

மேலே இருப்பவர்களின் அக்கறையைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றம் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழ, மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கி, அதையே பரிசாகவும் நீட்டினார்கள். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் வாரத்துக்கு 90 மணிநேரம் கேட்டார், வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். நேரத்தைப் பிடுங்குவது ஒரு கூட்டம், நிம்மதி போனதற்கு உன் மனசுதான் காரணம் என்று டிக்கெட் போட்டுச் சொல்வது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஸ்பான்சர்.

மனசு உடைந்தால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், நல்ல எண்தான். ஆனால் முன்பணத்தை அந்த எண் அடைக்காது. அதற்கு வேறொன்று இருக்கிறது: 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டால் அந்தக் கடனே செல்லாது என்கிறது அது. கண்காணிப்புக் குழு போட்டு, மாவட்ட ஆட்சியரைப் பொறுப்பாக்கியும் இருக்கிறது. அடுத்த முறை காமலாபுரத்தில் இறங்கும்போது, அய்யா, உங்கள் ஸ்லைடுகளில் ஒன்றே ஒன்றில் அந்தச் சட்டத்தின் பெயரைப் போடுங்கள். அப்புறம் உங்களை யார் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.