எட்டுல நிக்குத வண்டி

ஏல பேராண்டி, இங்க வா. புது பைக்கை எடுத்துட்டு வந்து தார்ப்பாயைப் போட்டு மூடி வச்சிருக்கியாமே? நம்பரு 5012 வந்துட்டாம், கூட்டினா எட்டாம், எட்டுன்னா சனியாம். உங்க அம்மை வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா.

கூட்டுததுதான் கூட்டுத, முழுசாக் கூட்டு. நம்ம திருநெல்வேலி வண்டிக்கு முன்னால 72 இருக்குல்லா, அதை எதுக்கு விட்ட? ஏழும் ரெண்டும் ஒம்பது. அதோட எட்டைச் சேத்தா பதினேழு. ஒண்ணும் ஏழும் மறுபடி எட்டு! விடமாட்டேங்கு பாத்தியா. இதே 5012-ஐத் தென்காசில பதிஞ்சிருந்தா முன்னால 76. இப்பம் கூட்டு. மூணு வருதா? மூணுன்னா குரு. பஸ்ஸைப் பிடிச்சுத் தென்காசி போய்ச் சேருததுக்குள்ள சனி குருவாயிருதாரு. கூட்டிக்கிட்டே போனா, ஒம்பது நம்பருக்கு ஒண்ணு எட்டுலதான் நிக்கும். கலெக்டரு வண்டியா, கருவாட்டு வண்டியான்னு அது பாக்காது.

எட்டாவது புள்ளையா, அதுவும் அட்டமில பொறந்தவனுக்கு வருசாவருசம் சீடையும் முறுக்கும் சுட்டுப் படைக்கா உங்க ஆச்சி. பெருமாளுக்கு மந்திரமே எட்டெழுத்து. சாமிக்கு ஆவுத எட்டு ஒன் பைக்குக்கு ஆவலையோ?

ஒனக்கு நம்பர் பாத்துச் சொன்ன சோசியரு, போன வருசம் ஒன் பேருக்கு நடுவுல ஒரு 'எச்' சொருகச் சொன்னாருல்லா. அந்த எழுத்துக்கணக்கு எங்கேருந்து வந்துதுன்னு கேட்டியா? அயர்லாந்துல வில்லியம் ஜான் வார்னர்னு ஒருத்தர். கீரோன்னு பேரை மாத்திக்கிட்டு, வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குக் கைரேகை பாத்த ஆளு. அவரு புத்தகத்துல எட்டைச் சனிக்குக் குடுத்துட்டாரு. இங்கிலீசு எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டாரு. ஒம்பது மட்டும் எந்த எழுத்துக்கும் கெடையாது. ஒன் குலசாமி பேரு தமிழ்ல. அதுக்கு இங்கிலீசுல எச்சு. வாயால கூப்பிட்டா எச்சும் கேக்கல, ஒரு எழவும் கேக்கல. சோசியருக்குக் குடுத்த ரூவா மட்டும் கேட்டுது.

சரி, ஒனக்கு எட்டு வேண்டாம்னா சீனாக்காரன்கிட்ட குடு, கொத்திட்டுப் போவான். அவன் பாசையில எட்டைச் சொன்னா செழிப்புங்கிற மாதிரிக் காதுல விழுமாம். 2003-ல சிச்சுவான் விமானக் கம்பெனி எட்டு எட்டாப் போட்ட போன் நம்பர் ஒண்ணை 23 லட்சம் யுவானுக்கு மேல குடுத்து ஏலத்துல எடுத்துது. பெய்ஜிங் ஒலிம்பிக்கை எட்டாம் மாசம் எட்டாந் தேதி, 2008-ல, ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கினான். அவனுக்கு ஆவாதது நாலு. அது சாவு மாதிரிக் கேக்கும். ஹாங்காங்ல போய் லிப்ட்ல ஏறினா பல கட்டடத்துல நாலாம் மாடிக்குப் பொத்தானே இருக்காது. மாடி இருக்கும்ல, நம்பர்தான் இருக்காது.

இத்தாலிக்காரனுக்குப் பதினேழு. ரெனோ 17-னு வந்த காரை அங்க 177-னு பேரு மாத்தி வித்தாங்க. பத்து மடங்குக்கு மேல கூட்டிட்டாப் பீடை போயிருமாம்.

ஆனா எனக்குப் பிடிச்சது லண்டன் சவாய் ஹோட்டல்தான். 1898-ல உல்ஃப் ஜோயல்னு ஒரு பணக்காரன் அங்க விருந்து வச்சான். ஒரு ஆளு வராமப் போகப் பதிமூணு பேரு உக்காந்துட்டாங்க. முதல்ல எந்திக்கவன் செத்துருவான்னு ஒருத்தன் வாய வச்சான். ஜோயல் எந்திச்சான், கொஞ்ச நாள்ல தென்னாப்பிரிக்காவுல அவனைச் சுட்டுட்டாங்க. ஹோட்டல்காரன் மெரண்டுபோய், பதிமூணு பேரு வந்தா வேலைக்காரன் ஒருத்தனைப் பதினாலாவதா உக்கார வச்சான். ஊர்க்கதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டு ஒருத்தன் நடுவுல உக்காந்தா விருந்தாளிக்கு ஒப்புமா? 1927-ல மரத்துல ஒரு கருப்புப் பூனை செஞ்சுட்டாங்க. கேஸ்பர்னு பேரு. அதுக்குக் கழுத்துல துணி கட்டி, தட்டு வச்சு, சூப்புலேருந்து இனிப்பு வரைக்கும் ஒண்ணு விடாமப் பரிமாறுவாங்க. கருப்புப் பூனை குறுக்க வந்தா நீ வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போவ. அங்க அதுக்குப் பந்தி!

இன்னொண்ணு கேக்கேன். லைசென்சுக்குப் போனியே, ஆர்டிஓ ஆபீசு மைதானத்துல என்ன போடச் சொன்னாங்க? எட்டுதான? காலை ஊணாம எட்டு போட்டுட்டேன் தாத்தான்னு தெருவு முழுக்க இனிப்பு குடுத்தது யாரு? அன்னைக்குச் சனி லீவுல போயிருந்தாரோ?

இவ்வளவு சொல்லியும் மண்டைய ஆட்டுத. ஒன் நம்பிக்கையக் கெடுக்க நான் யாரு? அடுத்த மாசம் ஒன் கல்யாணத்துக்கு மொய் 701 எழுதலாம்னு எடுத்து வச்சிருந்தேன். ராத்திரி கூட்டிப் பாத்தேன், எட்டு வருது. ஒனக்குத்தான் ஆவாதே! அதனால 101-னு மாத்திட்டேன். கூட்டினா ரெண்டு, மாப்பிளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு.