ஒரு சைபர் குறைவு

என் சட்டைப் பையில் இருக்கும் மடக்குக் கத்தியின் விலை 16,000 ரூபாய். வீட்டில் சொன்ன விலை 1,600. பொய் என்று இதைச் சொல்லக் கூடாது. செருப்பை வாசலில் விட்டபோது ஒரு சைபரையும் கூடவே விட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

அந்த 1,600-க்கே என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, ஒரு கத்திக்கா? இந்த அருவாமனை எங்கம்மா சீர்ல குடுத்தது. இருபத்தாறு வருசமா காய் நறுக்குது. சாணை பிடிக்கிறவருக்குக் குடுத்ததைத் தவிர இதுக்கு ஒரு பைசா செலவுண்டா?"

இல்லை. அருவாமனை மடங்காது, பையில் நுழையாது என்பதைத் தவிர அதன் மேல் எனக்குக் குறையொன்றும் கிடையாது. ஆனால் நான் சரித்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345-ஐச் சேர்ந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசே அறிவித்திருக்கிறதே, அதை எடுத்துவிட்டேன். "ஐயாயிரத்து முந்நூறு வருசமா நம்ம ஆளுக இரும்போட பழகுறாங்க, தெரியுமா?"

"அப்ப அத்தனை வருசமா வீட்ல கத்தி இருந்திருக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

சரித்திரம் அவள் பக்கம் போய் நின்றுகொண்டது.

இந்தக் கத்திப் பித்து எனக்குப் பத்து வயதில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, வைகைக் கரைக் கடையொன்றில் அப்பா ஒரு பேனாக்கத்தி வாங்கிக் கொடுத்தார். மீன் வடிவத்தில் இருக்கும், செதில் கோடெல்லாம் போட்டிருக்கும். அதை வைத்துப் பென்சில் சீவினேன். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவித் தெருவுக்கே விருந்து வைத்தேன். மூன்றாவது வாரம் ரிவிட் தளர்ந்து அலகு தலையாட்ட ஆரம்பித்தது. நான்காவது வாரம் மாங்காயை விட்டுவிட்டு என் ஆட்காட்டி விரல் மேல் மடங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்களுக்குக் காட்டுவேன், நம்புகிறவர்களுக்கும் காட்டுவேன்.

அன்றைக்கே எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. மடக்குக் கத்தி என்பது பாதி கத்தி, பாதி கதவு. காசு கேட்பது கதவுப் பாதிதான். கீல் ஆடக் கூடாது. அதற்காக இறுகவும் கூடாது. திறந்தால் திறந்தபடியே நிற்க வேண்டும், நாம் சொன்னால்தான் மூட வேண்டும். இதைச் சாதிக்க உலகத்தில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! பிரான்சின் சவோய் மலைப் பக்கத்தில் ஜோசஃப் ஓபினெல் 1890-இல் மரப்பிடி வைத்து ஒரு கத்தி செய்தார். மலிவான, அருமையான கத்தி. ஆனாலும் திறந்த அலகு நகராமல் இருக்க அதன் கழுத்தில் ஒரு வளையத்தைப் போட்டுத் திருக 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு வைத்து அறுபத்தைந்து வருடம் கழித்து நாதாங்கி! தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கிறிஸ் ரீவ் இன்னும் ஒரு படி மேலே போனார். பிடியின் ஒரு பக்கத் தகட்டையே கீறிவிட்டு, அதுவே வில்லாக வளைந்து அலகின் பின்னால் வந்து முட்டுக் கொடுக்கிற மாதிரி செய்தார். அந்தக் கத்திக்குப் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் வேலை என்று அர்த்தம். அதன் விலையைத் தெரிந்துகொண்டால் என் கத்தியை ரேஷன் கடைச் சரக்கு என்பீர்கள். நான் சிக்கனக்காரன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அலகிலும் காசு இருக்கிறது. சாதாரண உருக்கைக் காய்ச்சி ஊற்றி ஆறவிட்டால், உள்ளே இருக்கும் கார்பைடு என்னும் கடினமான துகள்கள் கூழில் கட்டி விழுந்த மாதிரி அங்கங்கே திரண்டுகொள்ளும். என் கத்தியின் உருக்கு வேறு ஜாதி. உருகிய உலோகத்தைப் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் திரும்ப ஒன்றாக்குகிறார்கள். இட்லிக்கு நைசாக அரைத்த மாவு மாதிரி துகள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும். அதனால் கூர் சீக்கிரம் மழுங்காது. இதையெல்லாம் வீட்டில் விளக்கினால் 1,600-க்கு இவ்வளவு வேலைப்பாடா என்ற கேள்வி வரும். ஆகவே உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

விலையைக் குறைத்துச் சொன்னதில் நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று உண்டு. பதற்றத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை அடுக்களைக்குள் போனால், என் கத்தியின் நுனியைத் தேங்காய் மூடிக்குள் செருகிப் பத்தை கீறி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நெம்பினால் அந்த நுனி பொட்டென்று போய்விடும். 16,000 ரூபாய்க்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. 1,600 ரூபாய்க்குத்தான் கத்த முடிந்தது. "ம்... பாத்து" என்றேன்.

"தேங்காய்கூடக் கீறத் தெரியல இதுக்கு. திருப்பாச்சேத்திப் பக்கம் போனா ஒரு சின்ன அருவா வாங்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலமே அடுத்த அடி. மச்சினன் வந்தான். கத்தியை வாங்கித் திறந்தான், மூடினான், திறந்தான். "எவ்வளவு மாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வந்துவிட்டது. "ஆயிரத்து அறுநூறாம்டா!" அவன் உடனே போனை எடுத்து 1,600 ரூபாயை என் கணக்கில் போட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு" என்றான். ஸ்டாக் இல்லை என்று இழுத்தேன். "வந்ததும் வாங்குங்க, அவசரமில்ல."

மறுநாள் அருவாள் வாங்கும் சாக்கில் வண்டியை எடுத்தேன். தெப்பக்குளம் தாண்டி விரகனூர், சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம், அப்புறம் திருப்பாச்சேத்தி. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் சினிமாவில் கேட்டது. மதுரைக் கதை என்றால் முதல் பாட்டு முடிவதற்குள் நாலு பேர் முதுகிலிருந்து அருவாளை உருவியாக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். ஐம்பது வருடமாக மதுரையில் குடியிருக்கிறேன். என் கையால் வெட்டுப்பட்டவை ஆவின் பால் பாக்கெட், கூரியர் பார்சல், மேலே சொன்ன என் விரல். திருப்பாச்சேத்திப் பட்டறையில் அடிக்கிற அருவாள் பெரும்பாலும் கதிரறுக்கவும் தேங்காய் வெட்டவும் போகிறது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆளுயரத்துக்கு அடித்து வாங்கிப் போவதும் உண்டு.

நான் நின்ற பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய லாரிப் பட்டையைத் துண்டுபோட்டுக் காய வைத்திருந்தார். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதி. சிவந்த இரும்பை எடுத்து நாலு சாத்து சாத்தி, திரும்ப நெருப்பில் சொருகிவிட்டு, "என்ன அருவா வேணும்?" என்றார். தேங்காய்க்கு என்றேன். அதை எடுத்துக் கொடுக்கும்போது என் விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேரனின் போட்டோவைக் காட்டுகிற தாத்தாவைப் போல நான் அந்தக் கத்தியை யாரிடமாவது காட்டிவிடுவேன்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எல்லோரும் கட்டை விரலால் கூரைத் தடவிப் பார்ப்பார்கள். அவர் அலகைப் பார்க்கவே இல்லை. திறந்து, நுனியை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். காதருகில் கொண்டுபோய் மூடினார். மறுபடி திறந்தார். 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டுத் தலையை லேசாக ஆட்டினார்.

"மூட்டு ஆடலியே" என்றார். "இது வெட்டாது, அறுக்கும். ஓங்கிப் போட்டா முனை சிந்திரும். இரும்பு அவ்வளவு வெறைப்பு. நம்ம அருவா அடி தாங்கணும்ல, அதனால தோய்ச்சல்ல கொஞ்சம் நெகிழ்வு விட்டு எடுப்போம்." திரும்ப ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "என்ன வெல?"

பழக்க தோஷம். "ஆயிரத்து அறுநூறு" என்றேன்.

அவர் கத்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பதினாறாயிரம்னா நம்புவேன்" என்று சொல்லிவிட்டு, கத்தியை மடக்கி என் கையில் வைத்தார்.

ஆறு மாதமாக வாங்கிய பேச்செல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் உலை எரிந்ததால் விட்டுவிட்டேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த அருவாளுக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்தேன். வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டே வந்தேன். சிலைமான் வரைக்கும் அந்தத் தீர்மானம் நன்றாகவே இருந்தது.

வீட்டில் அருவாளைப் பிரித்ததும் என் மனைவி ஒரு தேங்காயைக் கையில் வைத்து ஒரே தட்டு தட்டினாள். இரண்டு மூடி, ஒரு டம்ளர் தண்ணீர். "இது கத்தி!" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். சொல்வதற்கு இதுதான் நேரம். தொண்டையைக் கனைத்தேன்.

போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, ஆபீஸ்ல உங்க கத்தியப் பத்திச் சொன்னேன். நாலு பேரு வேணுங்கிறாங்க. 6,400 போட்டுட்டேன், வந்துருச்சா பாருங்க."

"யாருங்க?" என்று கேட்டாள். அருவாள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.