கிளி வாங்கப் போற மருமகனுக்கு

மருமகனே, ஜார்ஜ் டவுன் சூலியா தெரு மாடிவீட்டுல கிளி வளர்க்கப் போறீங்களாமே, எந்தங்கச்சி சொன்னா. நல்ல காரியம். வீட்டுல நாலு பேரு, ஆளுக்கொரு கைப்பேசி. பேசறதுக்குன்னு ஒருத்தராவது வேணுமில்ல?

ஆனா ஒண்ணு. இந்த வட்டாரத்துல பறவையால பிழைச்சவன் கெட்டிக்காரன். பழைய கடைவீட்டு மேல்மாடியை இருட்டாக்கி, ஒலிபெருக்கியில உழவாரக் குருவிச் சத்தத்தைப் போட்டுவிட்டான். கூண்டும் இல்ல, தீனியும் இல்ல. குருவி தானா வந்து எச்சிலால கூடு கட்டிச்சு, இவன் எடுத்து வித்தான். 2008-ல ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சு. பாரம்பரிய வட்டாரத்துல இந்தத் தொழில் ஆகாது, 2013 முடியறதுக்குள்ள மூடுங்கன்னு மாநில அரசு சொல்லிருச்சு. அந்தக் குருவியாவது வாடகை கொடுத்துச்சு. உன் கிளி தின்னுட்டு, கதவு நிலையையும் கொறிக்கும்.

கிளி சம்பாதிக்காதான்னு கேக்குறியா? சிங்கப்பூர் தேக்காவுல மணின்னு ஒரு சோசியக் கிளி இருந்துச்சு. 2010 உலகக் கிண்ணக் காற்பந்துல காலிறுதி நாலையும் சரியா எடுத்துச்சு. ஸ்பெயின் ஜெர்மனியை ஜெயிக்கும்னும் சொல்லிச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. கடைசி ஆட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்துச்சு பாரு, கிண்ணம் ஸ்பெயினுக்குப் போயிருச்சு! ஜெர்மனியில தொட்டித் தண்ணிக்குள்ள கிடந்த பால்ங்கிற ஆக்டோபஸ் அதைச் சரியாச் சொல்லிருச்சு. ஆகவே, கிளிகிட்ட லாட்டரிக்கு நாலு நம்பர் கேக்குற எண்ணமிருந்தா இப்பவே விட்டுடு.

காட்டுல பிடிச்ச கிளியை மலிவாத் தர்றேன்னு எவனாவது அஞ்சடி நடைபாதையில நின்னு கண்ணடிச்சா வாங்காதே. 2010 வனவிலங்குச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைய உரிமமில்லாம வச்சிருந்தா வனவிலங்குத் துறை பெர்ஹிலித்தான் ஆளுங்க கதவைத் தட்டுவாங்க. கூண்டுலயே பொரிச்ச, நம்மாளுங்க லவ் பேர்ட்ஸ்னு சொல்ற பட்ஜி போதும். மூக்குக்கு மேல நீலமா இருந்தா ஆணு, பழுப்பா இருந்தா பொண்ணு. பார்க்காம வாங்கினா ஜோடின்னு ரெண்டு ஆம்பளையத் தலையில கட்டிருவான். கழுத்துல வளையம் போட்ட பெரிய கிளிதான் வேணுமா? அது இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். உம் மகளுக்குச் சீரோட சேர்த்து அனுப்பிவைக்கலாம்.

பாலும் பழமும் கொடுத்து வளர்ப்பேன்னு உம் பொண்டாட்டி சொல்றாளாம். பழம் கொடுக்கட்டும். பால் பறவைக்குச் சரியாச் செரிக்காது, அதை நீ குடி. மிளகாய் தாராளமாக் கொடு. பறவைக்கு அந்தக் காரம் உறைக்கவே உறைக்காது. உங்க வீட்டுச் சம்பலைக் குறை சொல்லாமத் தின்னப் போறது அது ஒண்ணுதான். ஆனா அவக்காடோ வேணாம், அது விஷம். ஒட்டாத சட்டியை வெறுமனே அடுப்புல காயவிட்டா வர்ற புகை, நம்ம மூக்குக்குத் தெரியறதுக்குள்ள கிளியைக் கொன்னுரும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதே.

இனி பேச்சுக்கு வருவோம். கிளி புத்தகம் பார்த்துப் பேசாது. கூட இருக்கிறவங்களைத்தான் தன் கூட்டம்னு நினைச்சு, அவங்க சத்தத்தைப் பிடிச்சுக்கும். உங்க வீட்டுல அது என்னத்தைப் பிடிக்கும்? விடிஞ்சா கைப்பேசி மணி, பொழுதுசாஞ்சா "சார்ஜர் எங்கே?" மாசக் கடைசியில நீயும் அவளும் அடிச்சுக்குற வசனத்தையும் சுத்தமாப் படிச்சு வச்சிருக்கும். விருந்தாளி வர்ற நாளா பார்த்து ஒப்பிக்கும். என்னைக் கேட்டா, கிளி வாங்குறதுக்கு முன்னால ஒரு மாசம் சாப்பாட்டு நேரத்துல நீங்க நாலு பேரும் உங்களுக்குள்ளயே பேசிப் பாருங்க. நல்லா வந்துச்சுன்னா கிளிக் காசு மிச்சம்.

கேக்க மாட்டே, வாங்கத்தான் போறே. சரி, வாங்கு. போன தீபாவளிக்கு வாங்கினியே முந்நூறு வெள்ளி, அதை மட்டும் முதல்ல கொடுத்துரு. இல்லேன்னா தினமும் சாயங்காலம் நானே வந்து கூண்டுப் பக்கம் உட்கார்ந்து அதுக்குப் பேச்சுச் சொல்லித் தருவேன். அஞ்சடியில போறவன் வர்றவன் எல்லாரும் அண்ணாந்து கேக்கட்டும்.