காளத்தி வேடனும் கண்ணைக் குத்திய கலைஞர்களும்

1895-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி, பாரிஸில் ஒரு காபிக்கடையின் நிலவறையில் சினிமா பிறந்தது என்று திரைப்படக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய நாள் அது. வசூல் ஆரம்பித்த தேதியைப் பிறந்தநாள் என்று கொண்டாடுவது விநியோகஸ்தர் புத்தி. நாயுடுபேட்டைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற சொர்ணமுகி, காளஹஸ்திக் கோயிலைக் கும்பிட்டுவிட்டுத்தான் இங்கே வருகிறது. சேக்கிழார் அதைப் பொன்முகலி என்பார். அந்த ஆற்றங்கரையில், லூமியேரின் முப்பாட்டனுக்கும் முந்தைய காலத்தில், ஒரு முழுநீளப் படம் எடுத்து முடித்தாகிவிட்டது.

கதாநாயகன் திண்ணன். உடுப்பூர் வேடர் தலைவனின் மகன். முன்அனுபவம் இல்லாத புதுமுகம். இயக்குநர் காளத்திநாதர், மலைமேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் வேலை வாங்குகிறவர். படப்பிடிப்பு முழுவதும் அசல் காட்டில், அசல் வெயிலில். நைவேத்தியத்துக்கு அசல் பன்றிக்கறி. வெந்திருக்கிறதா என்று கதாநாயகனே கடித்துப் பார்த்த கறி. அபிஷேகத் தண்ணீர் அவன் வாயில், அர்ச்சனைப் பூ அவன் குடுமியில். ஆறே நாள் கால்ஷீட்.

காலையில் பூஜைக்கு வரும் சிவகோசரியார்தான் உலகின் முதல் விமர்சகர். எலும்பையும் எச்சிலையும் பார்த்துப் பதறி, இது ஆகமத்துக்கு விரோதம் என்று இயக்குநரிடமே முறையிட்டார். இயக்குநர் கனவில் வந்து, பின்னால் ஒளிந்திருந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் பேசும்படி சொன்னார். விமர்சகர்களுக்கான தனிக்காட்சி இப்படித்தான் தொடங்கியது.

அவர் ஒருத்தருக்காகவே கிளைமாக்ஸ் அமைந்தது. சாமியின் வலது கண்ணில் ரத்தம். திண்ணன் பச்சிலை பிழிந்து பார்த்தான், நிற்கவில்லை. அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பினான், நின்றது. உடனே இடது கண்ணில் ரத்தம். இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் அப்புறம் இடம் தெரியாதே என்று, சாமியின் கண்மேல் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டான். நடிகர் நிற்கவேண்டிய இடத்துக்குத் தரையில் சாக்பீஸால் குறி போடுகிற உதவி இயக்குநர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கால்தான் முன்னோடி. அம்பு கண்ணை நெருங்கிய பிறகுதான் இயக்குநர் கையை நீட்டி ‘கட்’ சொன்னார். நடிகர் கண்ணப்பராகி அறுபத்துமூவரில் ஒருவரானார். விமர்சகருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்த வருத்தம் அவர் வம்சத்துக்கு இன்றைக்கும் தீரவில்லை.

இதற்கப்புறம் உலக சினிமாவில் புரட்சி செய்த மகான்கள் எல்லோரும் காளத்தி வேடனின் வேலையைத்தான் செய்தார்கள்: கண்ணில் கைவைப்பது. ஒரே வித்தியாசம், யாரும் சொந்தக் கண்ணைத் தொடவில்லை.

முதலில் மெலியே. மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர். 1902-இல் நிலாவுக்கு ராக்கெட் விட்டு, அதை நேராக நிலாவின் கண்ணிலேயே செருகினார். எங்களுக்குத் தெற்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பவர்கள் 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3-ஐ அனுப்பி, ஆகஸ்ட் 23-இல் நிலாவின் தென்துருவம் பக்கமாகப் பூப்போல இறக்கினார்கள். கண்ணிலும் படவில்லை, மூக்கிலும் படவில்லை. மெலியே பார்த்திருந்தால் கதையில் விறுவிறுப்பு போதாது என்றிருப்பார்.

முதல் உலகப் போரில் தோற்றுப்போன ஜெர்மனியில் எல்லாமே கோணலாகத் தெரிந்தது. ராபர்ட் வீன 1920-இல் எடுத்த ‘டாக்டர் கலிகாரி’யில் சுவர் கோணல், ஜன்னல் கோணல். நிழலைக்கூட விளக்கை நம்பி விடாமல் பெயின்ட் அடித்துத் தரையிலேயே வரைந்துவிட்டார்கள். அந்தப் படத்தின் பெரிய சாகசம், பெட்டிக்குள் தூங்குகிற ஒருவன் மெதுவாகக் கண்ணைத் திறப்பது. அதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் வைத்தார்கள்.

ரஷ்யாக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1925-இல் ஐசன்ஸ்டைன் ஒடெஸா படிக்கட்டில் ராணுவத்தை இறக்கி, ஓர் அம்மாளின் மூக்குக்கண்ணாடி நொறுங்கிக் கண்ணில் ரத்தம் வழிய நிற்பதைக் காட்டினார். நாலு வருஷம் கழித்து ஜீகா வெர்தோவ் வந்தார். கேமராவே கண், மனிதக் கண் தண்டம் என்றார். தன் படத்தில் கதை கிடையாது, நடிகர் கிடையாது, டைட்டில் கார்டும் கிடையாது என்று அறிவித்தார். அந்த அறிவிப்பை டைட்டில் கார்டில்தான் போட்டார்.

அதே 1929-இல் பாரிஸில் புனுவெலும் ஓவியர் டாலியும் சேர்ந்து, சவரக்கத்தியால் ஒரு பெண்ணின் கண்ணைக் கீறுவதைக் காட்டி ஊரையே அலறவைத்தார்கள். உண்மையில் கீறியது செத்துப்போன கன்றுக்குட்டியின் கண்ணை. கண்ணப்பர் டூப் போடவில்லை என்பதை இங்கே பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

இத்தாலியர்கள் திருந்தினவர்கள். செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். டி சிகா 1948-இல் ஓர் ஆலைத் தொழிலாளியை நாயகனாக்கி, அவன் சைக்கிளைத் திருட்டுக் கொடுக்கவைத்தார். 1950-இல் லண்டனில் அதைப் பார்த்த சத்யஜித் ரே கல்கத்தா திரும்பி எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தது. அதில் சிறுவன் அப்பு நமக்கு அறிமுகமாவதே போர்வைக்கு நடுவே தெரியும் ஒற்றைக் கண்ணாகத்தான். கண்ணை நோண்டாமல் திறந்து காட்டிய முதல் ஆசாமி ரேதான்.

பிரான்சில் சிவகோசரியார் வம்சம் பழிதீர்த்துக்கொண்டது. த்ரூஃபோ, கோதார் எல்லாம் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர்கள். த்ரூஃபோ திட்டிய திட்டில் 1958-இல் கான் விழாவுக்கு அவருக்கு அழைப்பே இல்லை. லிங்கத்தின் பின்னால் ஒளிந்திருந்தது போதும் என்று வெளியே வந்து கேமராவைப் பிடித்தார். மறுவருஷம் அதே கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு. அந்தப் படம், ஓடிக்களைத்த சிறுவன் ஒருவன் நம்மையே உற்றுப் பார்ப்பதோடு உறைந்து நிற்கிறது. புதிய அலை என்றார்கள்.

இந்த அலைகளில் ஒன்றாவது நாயுடுபேட்டை ஸ்டேஷனில் இறங்கியதாகத் தகவல் இல்லை. விஜயவாடா பக்கத்திலிருந்து கோடம்பாக்கத்தில் அதிர்ஷ்டம் தேடிப் போனவர்கள் எல்லோரும் இந்தத் தண்டவாளத்தில்தான் போனார்கள். ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு எக்ஸ்பிரஷனிசம் முக்கியமில்லை, படப்பெட்டி வந்ததா என்பதுதான் முக்கியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் முந்திக்கொண்டோம். 1931-இல் எச்.எம். ரெட்டி எடுத்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார், நாயகன் தெலுங்கு பேசினார். மற்ற ஊர்க்காரர்கள் திகைத்திருக்கலாம். எங்கள் கடைத்தெருவில் கத்தரிக்காய் வியாபாரமே அப்படித்தான் நடக்கிறது.

கண்ணப்பரையும் சினிமா விடவில்லை. 1954-இல் எச்.எல்.என். சிம்ஹா, நாடக நடிகர் முத்துராஜுக்கு ராஜ்குமார் என்று பெயர் மாற்றி, கன்னடத்தில் ‘பேடர கண்ணப்பா’ ஆக்கினார். தெலுங்கிலும் அவரே காளஹஸ்தி வேடன். 1988-இல் மகன் சிவராஜ்குமார் கண்ணப்பராக, அப்பா சிவனாக வந்தார். தான் கொடுத்த கண்ணை மகனிடம் வசூல் செய்துகொண்ட ஒரே நடிகர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

நடுவில் 1976-இல் கார்ட்டூனிஸ்ட் பாபு, கிருஷ்ணம் ராஜுவை வைத்து ‘பக்த கண்ணப்பா’ எடுத்தார். தேசிய விருது கிடைத்தது. எதற்கு? ஒலிப்பதிவுக்கு. கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த கதைக்குக் காதுக்குப் பரிசு தந்த தில்லிக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

கிருஷ்ணம் ராஜுவைப் பெரியப்பா என்று அழைக்கும் பிரபாஸின் ‘சாஹோ’தான் 2019 ஆகஸ்டில் சூளூர்பேட்டை அருகே வி எபிக் தியேட்டரைத் திறந்துவைத்தது. 100 அடிக்கு மேல் அகலமான திரை. முன்வரிசையில் உட்கார்ந்தால் வில்லனைப் பார்க்க இடதுபுறமும் நாயகனைப் பார்க்க வலதுபுறமும் கழுத்தைத் திருப்ப வேண்டும். சென்னையிலிருந்து கார் எடுத்து, எல்லை தாண்டி, டோல் கட்டி வந்து பார்க்கிறார்கள். சாமி ஒரு கண்ணோடு நிறுத்திக்கொண்டார்; இங்கே இரண்டு கண்ணோடு கழுத்தும் காணிக்கை.

2025 ஜூன் 27-இல் புதிய ‘கண்ணப்பா’ வந்தது. மஞ்சு விஷ்ணு வேடன், அக்‌ஷய் குமார் சிவன், பிரபாஸும் உண்டு. தயாரிப்பாளர் மோகன் பாபுவோ காளஹஸ்திப் பக்கத்துக்காரர். கதை நடந்த மலை கூப்பிடு தூரத்தில் இருக்க, படக்குழு காடு தேடி நியூசிலாந்துக்கு விமானம் ஏறியது. டி சிகா ரோம் தெருவில் சைக்கிள் தேடியதோடு நிறுத்திக்கொண்டது எவ்வளவு சிக்கனம்!

அடுத்து கண்ணப்பர் கதையைத் தொடப்போகும் இயக்குநருக்கு ஒரு யோசனை. நாயுடுபேட்டையில் இறங்கி மேற்கே திரும்பினால் காளஹஸ்திக்கு பஸ் இருக்கிறது. எப்படியும் ரிலீஸுக்கு முன்னால் ராகு-கேது பூஜைக்கு அங்கே போகத்தான் போகிறீர்கள். அப்படியே கேமராவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் ஒரு டிக்கெட் செலவு மிச்சம்.